கஸ்டடி வழக்குக்கு டிடெக்டிவ் வைக்கும் முன்

டிடெக்டிவைத் தேடும் முன் ஒரு வெள்ளைத் தாளில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: பிள்ளை விஷயத்தில் எதை நிரூபிக்க வேண்டும்? "அவருக்கு வேறு தொடர்பு இருக்கிறது" என்பது அந்த வரி அல்ல. பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று முடிவுசெய்யும் கஸ்டடி வழக்கில் நீதிபதி பார்ப்பது பிள்ளையின் நலனை. அந்தத் தொடர்பு பிள்ளையைப் பாதிக்காதவரை லாட்ஜ் வாசல் படங்களால் பெரிய பிரயோஜனமில்லை. "நைட் ஷிஃப்ட் போகும்போது பிள்ளையை யாரோ ஒருவருடைய வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார்" என்பது நிரூபிக்க வேண்டிய விஷயம். பிள்ளைக்கு உடனடி ஆபத்து என்றால் டிடெக்டிவுக்குக் காத்திருக்கவே கூடாது, குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அடியுங்கள்.

தாளோடு முதலில் வக்கீலிடம் போங்கள். பள்ளி வருகைப் பதிவேடு, மருத்துவமனைக் குறிப்பு போன்றவற்றைக் கோர்ட் மூலமே வரவழைக்க மனு போடலாம். அதற்கு டிடெக்டிவுக்குப் பணம் கொடுப்பது தண்டம். வக்கீல் வைக்க வசதியில்லாத தாய்மார்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு, எண் 15100.

டிடெக்டிவுக்கென்று நம் நாட்டில் தனி லைசென்ஸ் சட்டம் கிடையாது. 2007-ல் மாநிலங்களவைக்கு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. "கவர்மென்ட் லைசென்ஸ்" என்று காட்டுவது 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி செக்யூரிட்டி ஆள் அனுப்பும் உரிமமாக இருக்கலாம். வாங்கிப் படித்துப் பாருங்கள். முக்கியமான கேள்வி வேறு: "களத்தில் நிற்கும் ஆள் சாட்சிக் கூண்டேறி, குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்வாரா?" மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆளும் ஊருக்குப் பொருந்த வேண்டும். சென்னை நம்பர் பிளேட் கார் பென்னாகரம் பக்கத்துத் தெருவில் அரை மணி நேரம் நின்றால் "யாருங்க, யார் வீட்டுக்கு?" என்று கேட்க ஆள் வந்துவிடும். தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் தெலுங்கோ கன்னடமோ காதில் ஏறாத ஆளால் பாதி வேலைதான் நடக்கும். TN 29 (தருமபுரி), TN 24 (கிருஷ்ணகிரி), TN 70 (ஓசூர்) பைக்கில் வரும் உள்ளூர் ஆள் மேல். ஆனால் எதிர்த்தரப்புக்கு உறவா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வாராவாரம் மாறுகிற கம்பெனி என்றால், தொடர்ந்து ஏழு நாள் பார்த்தாலும் ஒரே ஷிஃப்டுதான் சிக்கும். அதே ஏழு நாளை மூன்று வாரத்துக்குப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். ஒரு நாள் நடந்ததை "அன்றைக்கு மட்டும் அவசரம்" என்று சொல்லித் தப்பிக்கலாம், பல நாள் நடந்ததை அப்படிச் சொல்ல முடியாது.

ஒப்பந்தத்தில் நாள் வாடகை, ஆள் எண்ணிக்கை, பெட்ரோல், டோல், கர்நாடக எல்லையில் உள்ள அத்திப்பள்ளி தாண்டினால் கூடுதல் தொகை எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள்; மூன்றில் ஒரு பங்கு அறிக்கை கைக்கு வந்த பிறகுதான்.

"கால் லிஸ்ட் எடுத்துத் தருகிறேன்", "போனில் ஆப் போட்டுவிடலாம்" என்பவரிடம் பேச்சை அங்கேயே முடியுங்கள். அது குற்றம், வழக்கு உங்கள் மேலும் திரும்பும். வீட்டுக்குள் கேமரா, பிள்ளையை வழிமறித்து விசாரிப்பது, இரண்டுமே கூடாது. தம்பதிக்குள் ரகசியமாகப் பதிந்த பேச்சைச் சான்றாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அது கணவன் மனைவி பேச்சைப் பற்றியது. டிடெக்டிவ் ஒட்டுக்கேட்பதற்கு அனுமதிச் சீட்டல்ல.

கடைசியில் கோட்டை விடுவது வாட்ஸ்அப்பில். வீடியோவை அதில் சாதாரணமாக அனுப்பினால் கோப்பு சுருங்கிவிடும், கேமரா பதிந்த தேதி, நேரம் போன்ற உள்விவரங்களும் போய்விடும். படம் எடுத்த மெமரி கார்டையோ போனையோ அப்படியே வைத்திருக்கச் சொல்லி, நகலைப் பென்டிரைவில் வாங்குங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுச் சான்றோடு சான்றிதழ் வேண்டும்: 'அ' பகுதி தாக்கல் செய்பவர் தருவது, 'ஆ' பகுதி நிபுணர் தருவது, இரண்டிலும் கோப்பின் ஹாஷ் மதிப்பு (கோப்பை மாற்றினால் காட்டிக்கொடுக்கும் கைரேகை போன்ற எண்) இருக்கும். எடுத்த கருவியின் மாடல், வரிசை எண் எல்லாம் அதில் எழுத வேண்டியிருப்பதால், அந்த விவரங்களைக் கையில் வாங்கிக்கொண்டு பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.