பாராமீட்டருக்கு விளக்கம் எழுதும் முறை

பெங்களூரின் அல்சூர் ஏரியைச் சுற்றியுள்ள பேருந்து நிறுத்தங்களைத் தேடித் தரும் ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) ஒன்றைப் பைதான் நிரல்மொழியில் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அட்சரேகை, தீர்க்கரேகை, தூரம், பதிலுக்கான காத்திருப்பு நேரம் என்று அதற்கு நான்கு பாராமீட்டர்கள், அதாவது நாம் தரும் உள்ளீடுகள்; நான்கும் ஃப்ளோட் (தசம எண்) வகை. 2015-இல் வந்த பைதான் 3.5 முதல் இந்த வகைகளை ஃபங்ஷனின் முதல் வரியிலேயே குறித்துவிடலாம் என்பதால், விளக்கத்தில் "அட்சரேகை: ஃப்ளோட்" என்று மறுபடியும் எழுதுவது வீண். வகையைப் பார்த்து அறிய முடியாததையே விளக்கத்தில் எழுத வேண்டும்.

முதலில் வரிசை. பெங்களூரின் அட்சரேகை ஏறத்தாழ 12.97, தீர்க்கரேகை 77.59. வழக்கமாக நாம் அட்சரேகையை முதலில் சொல்கிறோம். ஜியோஜேசான் என்னும் வரைபடத் தரவு வடிவத்திலோ தீர்க்கரேகைதான் முதலில் வரும். இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்தாலும், 77.59 என்பது 90-க்குள் அடங்கும் முறையான அட்சரேகை என்பதால் பிழைச் செய்தி எதுவும் வராது. நிரல் ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய கடலில் நிறுத்தங்களைத் தேடிவிட்டு, காலிப் பட்டியலைத் திருப்பித் தரும். பிழையாக வெளிப்படாத தவறு என்பதால், இதைக் கண்டுபிடிக்க அரை நாள் கூட ஆகலாம்.

அடுத்தது அலகு. நிரலைக் காக்கவைக்கும் பைதானின் ஸ்லீப் விநாடியில் எண்ணுகிறது, ஒரு வேலையைத் தள்ளிவைக்கும் ஜாவாஸ்கிரிப்டின் செட்டைம்அவுட் மில்லிவிநாடியில் எண்ணுகிறது. இரண்டிலும் எழுதுகிறவர் உங்கள் ஃபங்ஷனைப் பார்த்து எதை ஊகிப்பார்? 1999-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் அழிந்ததற்கு, ஒரு மென்பொருள் பவுண்டு அலகில் தந்த உந்துவிசைக் கணக்கை மற்றொன்று நியூட்டன் அலகில் இருப்பதாகக் கொண்டதே காரணம். அலகை விளக்கத்தோடு நிறுத்தாமல், "தூரம்_மீட்டர்" என்று பெயரிலும் சேர்ப்பது என் வழக்கம்.

தூரத்துக்கான விளக்கத்தை இவ்வாறு எழுதலாம்:

"தூரம்_மீட்டர்: நேர்கோட்டுத் தூரம், நடைதூரம் அன்று. 0-வை விடப் பெரியது, 5000 உட்பட அதுவரை. மீறினால் வேல்யூஎரர் எழும்."

வேல்யூஎரர் என்பது தவறான மதிப்புக்குப் பைதான் தரும் பிழை. ஏரியின் எதிர்க்கரை நேர்கோட்டில் அருகில் இருந்தாலும், சுற்றி நடந்துதான் போக வேண்டும். எனவே "நடைதூரம் அன்று" என்ற சொற்களை விட்டுவிடக் கூடாது.

மதிப்பு தராதபோது என்ன நடக்கும் என்பதையும் எழுதுங்கள். இணையத்திலிருந்து தரவு பெற உதவும் பைதானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் காத்திருப்பு நேரம் தராவிட்டால் அழைப்பு (ஃபங்ஷனை இயக்கும் வரி) வரம்பின்றிக் காத்திருக்கும். உங்களுடையது 10 விநாடியில் நின்றுவிடும் என்றால் அதைச் சொல்லியாக வேண்டும்.

எழுதியதைச் சோதிக்க, ஃபங்ஷனின் உள்ளே இருக்கும் நிரலைக் காட்டாமல் விளக்கத்தை மட்டும் சக ஊழியரிடம் கொடுத்து, ஓர் அழைப்பை எழுதச் சொல்லுங்கள். நம் ஊர்க்காரராக இருந்தால் சந்தேகத்தைத் தமிழிலேயே கேட்பார், நாமும் வாய்மொழியாகவே தீர்த்துவிடுவோம். அந்தப் பதில் கன்னடமோ இந்தியோ பேசும் அடுத்த மேசைக்காரருக்குப் போய்ச் சேராது. ஆகவே சக ஊழியர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நீங்கள் சொன்ன பதிலை, அவர் எழுந்து போகுமுன் விளக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.