படியில் கார்ப்பெட் ஒட்ட எந்தப் பசை?

எங்கள் மாடிப்படிக்கு முதல் தடவை கார்ப்பெட் துண்டுகள் ஒட்டியபோது, டேப் சுருளின் மேல் 'அதிபலம்' என்று போட்டிருந்ததை மட்டும்தான் பார்த்தேன். மூன்றே வாரம். மேலிருந்து நான்காவது படியில் முன்விளிம்பு நாக்கு மாதிரி எழும்பி நின்றது. இறங்கி வந்த அப்பாவின் கால் கட்டைவிரல் அதில் மாட்டியது. கைப்பிடியைப் பிடித்திருந்ததால் தப்பினார். "ஒட்டுறதுக்கு முன்னாடி கார்ப்பெட்டைத் திருப்பிப் பாத்தியாடா?" என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை.

பிய்த்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. டேப் மொத்தமும் படியிலேயே பளபளவென்று இருந்தது. அதன்மேல் நாலைந்து சணல் இழைகள். கார்ப்பெட்டின் அடிப்பக்கம் சணல் நெசவு. மேடும் பள்ளமுமாக இருக்கும் அதில் டேப் மேட்டை மட்டும்தான் தொட்டிருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஏதாவது பெயர்ந்திருந்தால், தூக்கிப் போடுவதற்கு முன் பசை எந்தப் பக்கம் தங்கியிருக்கிறது என்று பாருங்கள். படியில் தங்கியிருந்தால் அந்தப் பசை கார்ப்பெட்டின் அடிப்பக்கத்துக்குப் பொருந்தவில்லை. கார்ப்பெட்டோடு வந்திருந்தால் படியில் தூசியோ மெழுகோ இருந்திருக்கிறது. இரண்டு பக்கமும் கொழகொழவென்று இழுபட்டால் பசையே இளகிவிட்டது என்று அர்த்தம்.

சணல், துணி அடிக்கு நெசவுக்குள் இறங்கும் திரவப் பசைதான் சரி. வழவழப்பான ரப்பர் அடி என்றால் நல்ல டபுள் சைடு டேப்பே போதும். ஆனால் சில ரப்பர்கள் வார்னிஷில் கறை ஏற்றும்; ஓர் ஓரத்தில் சில நாள் வைத்துப் பார்த்துவிடுங்கள். வினைல் அடியில்தான் ஏமாற்றம் அதிகம். வினைலை வளைய வைக்கும் எண்ணெய்ப் பொருள் மெல்லக் கசிந்து, சாதாரண ரப்பர் பசையை இளக்கிவிடும். வினைலுக்கு ஏற்றது என்று லேபிளில் இருந்தால் மட்டும் எடுங்கள்.

அப்புறம் படி. மெழுகு பாலிஷ் போட்ட மரத்தில் எந்தப் பசையும் நிற்காது. முதலில் மெழுகை எடுக்க வேண்டும். சிமென்ட் படியை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி வந்தால், பெருக்கித் துடைத்து, பசைக்கேற்ற பிரைமர் ஒரு கோட் அடிக்காமல் ஒட்டாதீர்கள். ஈரம் இருக்குமோ என்று சந்தேகமா? ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு மூடி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர் முத்து கட்டியிருந்தால் காயும்வரை பொறுக்கத்தான் வேண்டும். டைல்ஸுக்கு எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால் போதும்.

இன்னொரு கேள்வி: பிறகு எடுக்க வேண்டி வருமா? வரும் என்றால், காய்ந்த பிறகும் பிசுபிசுப்பாகவே இருக்கும் ரகம் வாங்குங்கள். மெல்லிதாகத் தடவி, விரலால் தொட்டால் ஒட்டவேண்டும், ஆனால் விரலோடு வரக்கூடாது என்ற பதத்தில் கார்ப்பெட்டை வைக்க வேண்டும். எங்கள் மரப்படிக்கு இரண்டாம் தடவை இதைத்தான் போட்டேன்.

நிரந்தரமாக இருக்கட்டும் என்றால் கான்டாக்ட் பசை. இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் காய்ந்த மாதிரி தெரிந்ததும் வைத்து அழுத்த வேண்டும். வைத்தது வைத்ததுதான், நகர்த்த முடியாது. கடைசிப் படிக்கு மட்டும் இதைப் போட்டேன். அது அரை விரல் கோணலாக இன்றும் இருக்கிறது. இதன் ஆவி தீப்பிடிக்கும், தலையும் சுற்றும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. வார்னிஷையும் இது கரைக்கலாம் என்பதால் மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

ஹாட் க்ளூ வேண்டாம். கெட்டியாகி, மிதி பட்டுப் பட்டு விட்டுவிடும். மரவேலை வெள்ளைப் பசையும் விறைத்துப் போகும், ஈரம் பட்டால் இளகும். சிலிக்கான் காற்றின் ஈரத்தில் காய்வது. ரப்பர் அடிக்குக் கீழே நடுவில் பல நாள் பச்சையாகவே கிடக்கும். உரித்த பிறகு அதன் மிச்சத்தின்மேல் பெயின்ட்கூடப் பிடிக்காது.

எந்தப் பசையானாலும் படியின் மூக்கில் கஞ்சத்தனம் வேண்டாம். இறங்கும்போது பாதம் அழுத்துவது அங்கேதான். மற்ற மூன்று ஓரத்திலும் ஒரு சென்டிமீட்டர் உள்ளே நிறுத்திக்கொண்டால் பசை பிதுங்காது. முன்விளிம்பில் மட்டும் நுனிவரை தடவி, நடுவிலிருந்து வெளியே பூரிக்கட்டையால் உருட்டுங்கள்.

ஒன்றுவிட்டு ஒரு படியாக ஒட்டுங்கள். 24 மணி நேரம் காயும்வரை வெறும் படிகளில் கால் வைத்து ஏறி இறங்கலாம். அப்பாவுக்கு அப்படி எட்டிக் கால் வைப்பது ஒத்துவராது. இரண்டு ராத்திரி கீழேயே படுத்துக்கொண்டார்.