கார்னெட்டுக்குள்ள கோயசைட் தேடுறது எப்படி

கோயசைட், குவார்ட்ஸ் ரெண்டு கனிமமும் ஒரே சிலிக்காதான் (சிலிக்கான் டை ஆக்சைடு), ஆனா கோயசைட் உருவாக ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஆழத்துல இருக்குற அழுத்தம் வேணும், இல்லன்னா விண்கல் வந்து மோதணும். லோரிங் கோஸ் 1953ல லேப்ல செஞ்சாரு, 1960ல அரிசோனா மீட்டியர் கிரேட்டர்ல இயற்கையாவே கிடைச்சுது, 1984ல ஆல்ப்ஸ் மலையில டோரா மைராங்கிற இடத்துல கார்னெட்ங்கிற கனிமத்துக்குள்ளயும் சிக்குச்சு. நம்ம நாட்டுல லடாக்ல த்சோ மொராரி பக்கம் எக்லோகைட்ல (ஆழத்துல அழுத்தத்துல உருவாகுற, கார்னெட் இருக்குற பாறை) இருக்கு.

கார்னெட்டுக்கு வெளிய தேடி டைம் வேஸ்ட் பண்ணாதீங்க, அங்க இருந்ததெல்லாம் பாறை மேல வர்ற வழியிலயே குவார்ட்ஸா மாறிருக்கும். கார்னெட் கெட்டி, உள்ள மாட்டுனத இறுக்கிப் புடிச்சுக்கும். அதனால 0.03 மில்லிமீட்டர் தின் செக்ஷன் (ஒளி ஊடுருவுற அளவுக்குத் தேய்ச்ச பாறைச் சீவல்) போட்டு, கார்னெட் ஒண்ணொண்ணா மைக்ரோஸ்கோப்புல லோ பவர்ல பாருங்க. தேட வேண்டியது கோயசைட்ட இல்ல, விரிசல! கோயசைட் அடர்த்தி 2.92, குவார்ட்ஸ் 2.65, அதாவது மாறும்போது பத்து சதவீதம் வீங்குது, சுத்தி இருக்குற கார்னெட் தாங்காம சூரியன் படத்துல கதிர் போடுற மாதிரி நாலாபக்கமும் வெடிச்சிருக்கும்.

அப்படி ஒண்ணு சிக்குனா ஹை பவர் போங்க. ஓரத்துல குவார்ட்ஸ் வேலிக்குச்சி மாதிரி வரிசையா நிக்கும், நடுவுல தூக்கலா தெரியுற துண்டு இருந்தா அதுதான் ஆளு, ஒளிவிலகல் எண் (ஒளிய எவ்ளோ வளைக்குதுங்கிற அளவு) 1.59 பக்கம், குவார்ட்ஸுக்கு 1.55தான்.

கன்ஃபார்ம் பண்ண ராமன் மெஷின் வேணும், லேசர் அடிச்சு சிதறி வர்ற ஒளிய வெச்சு எந்தக் கனிமம்னு சொல்றது. அதுல குவார்ட்ஸ் பீக் 464 cm⁻¹, கோயசைட் 521. இதுல ஒரு வில்லங்கம் இருக்கு, மெஷின கேலிபிரேட் பண்ற சிலிக்கான் துண்டோட பீக்கும் 520 தான், அதனால 521 ஒண்ண மட்டும் பாத்துட்டு குதிக்காம 176, 269 ரெண்டும் கூட வருதான்னு பாருங்க. 521 கொஞ்சம் மேல தள்ளி வந்தா பயப்படாதீங்க, உள்ள இன்னும் அழுத்தம் மிச்சம் இருக்குன்னு அர்த்தம், எனக்கு அதுதான் இதுல ரொம்பப் புடிச்ச விஷயம்.

நடுவுலயும் வெறும் குவார்ட்ஸ்தான்னா, விரிசல் எவ்ளோ அழகா இருந்தாலும் கோயசைட்னு ரிப்போர்ட்ல எழுதாதீங்க, அடுத்த கார்னெட்ட பாருங்க.

ஸ்டிஷோவைட் (அதே சிலிக்காவோட இன்னும் அடர்த்தியான வடிவம், அடர்த்தி 4.29) வேணும்னா விண்கல் பள்ளத்துக் கல்லுதான் எடுக்கணும். அதுக்கு ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட்ல மத்த சிலிக்காவ கரைச்சு எடுப்பாங்க, அந்த ஆசிட் எலும்பு வரைக்கும் போகும், அதுக்குன்னு ட்ரெயினிங் எடுத்தவங்க இல்லாம பாட்டில் பக்கமே போகாதீங்க.