ரிவ்யூல ஸ்கோர மட்டும் பாத்து பிசி பார்ட்ஸ் வாங்காதீங்க

பிசி பார்ட்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி ரிவ்யூ பாக்குறவங்க இப்போ நிறைய பேர் இருக்காங்க, நல்ல விஷயம்தான், ஆனா பாக்குற விதத்துலதான் சிக்கல். வீடியோவ ஓட்டி ஓட்டி கடைசி ரெண்டு நிமிஷத்துக்கு போயிடுறாங்க, கிராஃப்ல மேல இருக்கறது எதுன்னு பாக்குறாங்க, பத்துக்கு எத்தனை மார்க்னு பாக்குறாங்க, வாங்கிடுறாங்க. ரிவ்யூலயே முக்கியமான இடம் யாரும் நின்னு பாக்காத அந்த டெஸ்ட் செட்டப் பகுதி: எந்த மதர்போர்டு, எந்த ராம், என்ன ரெசல்யூஷன், ரூம் டெம்பரேச்சர் என்ன, பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி இருக்கற மதர்போர்டு செட்டிங்ஸ்) எத மாத்தினாங்க. ரிவ்யூங்கறது ஒரே ஒரு பீஸ, ஒரு செட்டப்ல, ஒரு குறிப்பிட்ட தேதில அளந்து பாத்தது, அவ்ளோதான். உங்க மெஷின் அதுலேர்ந்து எங்கெங்க மாறுதுன்னு பாக்காம அந்த நம்பர அப்படியே எடுத்துக்கறதுதான் கீழ நான் சொல்லப்போற முக்காவாசி தப்புக்கும் வேர்.

ப்ராசசர் ரிவ்யூலதான் சண்டையே அதிகம். டெஸ்ட் பண்றவங்க மார்க்கெட்ல இருக்கறதுலயே பெரிய கிராஃபிக்ஸ் கார்ட போட்டு ரெசல்யூஷன 1080பிக்கு இறக்கி ஓட்டுவாங்க. அவ்ளோ பெரிய கார்ட வச்சுக்கிட்டு எவன் 1080பில விளையாடுவான்னு கேக்குறாங்க. அது வேணும்னேதான் பண்றது, கார்டு மேல இருக்கற சுமைய குறைச்சாதான் ப்ராசசரோட லிமிட் எங்க இருக்குன்னு தெரியும், 4கேல ஓட்டினா எல்லா ப்ராசசரும் கார்டு வேலைய முடிக்கட்டும்னு காத்துக்கிட்டு நிக்கும், கிராஃப்ல எல்லா பாரும் ஏறக்குறைய ஒரே நீளத்துல வரும். டெஸ்ட்ல தப்பு இல்ல, 1080பி கிராஃப்ல பாத்த 30 சதவீத வித்தியாசம் நம்ம மிட்ரேஞ்ச் கார்டுலயும் அப்படியே வரும்னு நம்புறதுதான் தப்பு. நான் படிக்குற வழி இதுதான்: ப்ராசசர் ரிவ்யூல ஒரு கேமுக்கு 140 எஃப்பிஎஸ்னு (செகண்டுக்கு எத்தனை ஃபிரேம்ங்கற கணக்கு) வருதா, அது அந்த ப்ராசசர் போகக்கூடிய உச்சம். அதே கேம நம்ம செட்டிங்ஸ்ல நம்ம ரெசல்யூஷன்ல வச்சு உங்க கார்டோட ரிவ்யூவ தேடுங்க, அங்க 75ன்னு இருக்கா, உங்களுக்கு கிடைக்கப்போறது கிட்டத்தட்ட அந்த 75தான். ரெண்டுல எது கம்மியோ அதுதான் உங்க நம்பர். 75 போதும்னா ப்ராசசருக்கு மேல மேல காசு போடறதுல அர்த்தமே இல்ல, அத கார்டுக்கு போடுங்க.

ஆவரேஜ் எஃப்பிஎஸ்ஸ மட்டும் பாக்குறது அடுத்த தப்பு. ஒரு செகண்ட்ல 60 ஃபிரேம் வருதுன்னு வைங்க, அதுல 59 ஃபிரேம் தலா 15 மில்லி செகண்ட்ல வந்துடுது, மிச்சம் இருக்கற ஒண்ணே ஒண்ணு 100 மில்லி செகண்ட் எடுக்குது. மொத்தம் 985 மில்லி செகண்ட், ஆவரேஜ் போட்டா 61 எஃப்பிஎஸ்கிட்ட வருது, பாக்க அழகா இருக்கு, ஆனா விளையாடும்போது அந்த ஒரு இடத்துல ஸ்கிரீன் டக்குன்னு நின்னு போறது கண்ணுக்கு நல்லாவே தெரியும். அதனாலதான் நல்ல ரிவ்யூல 1 சதவீத லோ (ரொம்ப மெதுவா வந்த 1 சதவீத ஃபிரேமோட எஃப்பிஎஸ்), ஃபிரேம் டைம் கிராஃப் (ஒவ்வொரு ஃபிரேமும் எடுத்த நேரம்) ரெண்டும் இருக்கும். ரெண்டு கார்டுக்கும் ஆவரேஜ் ஒண்ணா இருந்து ஒண்ணுக்கு மட்டும் லோ நம்பர் ரொம்ப கீழ போச்சுன்னா, அங்க பெரும்பாலும் விராம், அதாவது கார்டோட சொந்த மெமரி, பத்தலன்னு அர்த்தம். இதோட ஃபிரேம் ஜெனரேஷன் வேற வந்துடுச்சு. 2025 ஜனவரில ஆர்டிஎக்ஸ் 5070 கார்டுல முந்தின தலைமுறையோட பெரிய கார்டான 4090 அளவுக்கு பெர்ஃபார்மன்ஸ்னு என்விடியா மேடைல சொன்னது மல்டி ஃபிரேம் ஜெனரேஷன ஆன் பண்ணி எடுத்த நம்பர வச்சுதான், அதுல கார்டு உண்மையா வரையுற ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மூணு ஃபிரேம் வரைக்கும் ஏஐ உருவாக்கி நடுவுல செருகுது. 120 எஃப்பிஎஸ்னு காட்டும்போது உள்ள 30தான் ஓடுதுன்னா மவுஸ் கைக்கு 30 மாதிரிதான் இருக்கும். படம் ஸ்மூத்தா தெரியுறது உண்மை, அது பிடிச்சவங்க தாராளமா போட்டுக்கலாம், ஆனா கிராஃப்ல அந்த பாரையும் சாதா பாரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிடக்கூடாது.

பேர நம்பி வாங்குறது எல்லாத்தையும் விட மோசமான தப்பு. ஜிடி 1030ன்னு ஒரு கார்டு 2017ல ஜிடிடிஆர்5 மெமரியோட வந்துச்சு, ரிவ்யூ எல்லாம் அதுக்குதான். 2018ல அதே பேர்ல டிடிஆர்4 மெமரி போட்டு இன்னொண்ணு விட்டாங்க, மெமரி பேண்ட்விட்த் (டேட்டா போய்வர்ற வேகம்) செகண்டுக்கு 48 ஜிபிலேர்ந்து 17 ஜிபிகிட்ட இறங்கிடுச்சு, ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு, பாக்ஸ்ல பேர் மட்டும் அப்படியே. ஜிடிஎக்ஸ் 1060 3 ஜிபியும் 6 ஜிபியும் மெமரில மட்டும்தான் வித்தியாசம்னு நிறைய பேர் நினைச்சாங்க, ஆனா 3 ஜிபி கார்டுல கோரும் (கணக்கு போடற யூனிட்) கம்மி, 1280க்கு பதிலா 1152. லேப்டாப்ல இது இன்னும் குழப்பம், டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 4090ல 16384 கோர், 24 ஜிபி மெமரி, லேப்டாப் 4090ல 9728 கோர், 16 ஜிபி, சிப்பே வேற. அதோட லேப்டாப் கார்டுக்கு எத்தனை வாட் குடுக்கறதுன்னு லேப்டாப் கம்பெனிதான் முடிவு பண்ணும், ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப்புக்கு என்விடியா குடுத்திருக்கற ரேஞ்சே 35 வாட்லேர்ந்து 115 வாட் வரைக்கும். அதனால 4060 லேப்டாப் ரிவ்யூன்னு பொதுவா பாத்து பிரயோஜனமே இல்ல, நீங்க வாங்கப்போற அதே மாடலோட ரிவ்யூ வேணும், அதுல வாட் எவ்ளோன்னு சொல்லியிருக்கணும்.

பேர் சரியா இருந்தாலும் செட்டப் மாறினா கத மாறிடும், அதுக்கு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு நல்ல உதாரணம். 2022 ஜனவரில வந்துச்சு, 4 ஜிபி மெமரி, பிசிஐஇ 4.0ல (கார்டையும் மதர்போர்டையும் இணைக்கற பாதை) வெறும் 4 லேன். புது போர்டுல வச்சு பாத்த ரிவ்யூல ஓரளவு தாக்குப்பிடிச்சுது. ஆனா இந்த மாதிரி என்ட்ரி லெவல் கார்ட வாங்குறவங்க கிட்ட பெரும்பாலும் பழைய போர்டுதானே இருக்கும், பிசிஐஇ 3.0ல போட்டா அதே 4 லேன்ல பேண்ட்விட்த் பாதியாகிடும், 4 ஜிபி நிறைஞ்சதும் கார்டு அந்த குறுகலான பாதை வழியா சிஸ்டம் ராமுக்கு போய் வந்துக்கிட்டே இருக்கணும், கேம் திக்கும். போர்டு புதுசா இருந்தா போதும்னும் நினைக்காதீங்க, பிசிஐஇ 4.0 இருக்கற பி550 போர்டுல ரைசன் 5 5600ஜி போட்டா அந்த ப்ராசசர் குடுக்கறது பிசிஐஇ 3.0தான்.

எஸ்எஸ்டி பத்தி கொஞ்சம் நிறையவே சொல்லணும், ஏன்னா இங்க பாக்ஸ்ல போட்டிருக்கற ஸ்பீடுக்கும் கைல கிடைக்கறதுக்கும் இடைவெளி ரொம்ப பெருசு. சாம்சங் 870 க்யூவிஓ 1 டிபி எடுத்துக்கங்க, எழுதற வேகம் செகண்டுக்கு 530 எம்பின்னு போட்டிருக்கும், பொய் இல்ல, ஆனா அது எஸ்எல்சி கேஷ்ல (டிரைவுக்குள்ள இருக்கற வேகமான தற்காலிக இடம்) எழுதற வரைக்கும்தான். அந்த கேஷ் அதிகபட்சம் 42 ஜிபி, அது தீர்ந்ததும் 80 எம்பின்னு அவங்க ஸ்பெக்லயே இருக்கு. 200 ஜிபி வீடியோ காப்பி பண்றீங்கன்னா முதல் 42 ஜிபி ஒண்ணரை நிமிஷத்துக்குள்ள போயிடும், மிச்சம் 158 ஜிபிக்கு அரை மணி நேரத்துக்கு மேல உக்காரணும். அந்த 42லயும் 6 ஜிபிதான் நிரந்தரம், மத்தது காலி இடத்த பொறுத்தது, டிரைவ் நிறைய நிறைய கேஷ் சுருங்கும். கேம் மட்டும் போட்டு விளையாடறவங்களுக்கு இது பெரிய விஷயமே இல்ல, அவங்க பெரும்பாலும் படிக்கதான் போறாங்க, அவங்களுக்கு அது நல்ல டிரைவ்தான். ஆனா வீடியோ எடிட்டிங்குக்கு வாங்குறவங்க கேஷ் தீந்த பிறகு வேகம் என்னன்னு காட்டுற கிராஃப் இல்லாத ரிவ்யூவ நம்பி வாங்கவே கூடாது.

இதுல இன்னொரு பிரச்சனை, ரிவ்யூ வந்த பிறகு உள்ள இருக்கற பார்ட்ஸ மாத்துறது. குரூஷியல் பி2 எஸ்எஸ்டி டிஎல்சி ஃபிளாஷோட (ஃபிளாஷ்னா டேட்டா பதியற சிப்) வந்து நல்ல பேர் வாங்கினது, பின்னாடி அதே பேர்ல அத விட மெதுவான க்யூஎல்சி ஃபிளாஷ் போட்டு வந்தது 2021ல வெளிய தெரிஞ்சுது. அதே வருஷம் டபிள்யூடி ப்ளூ எஸ்என்550லயும் ஃபிளாஷ மாத்தினது தெரிஞ்சுது, கேஷ் தீந்த பிறகு எழுதற வேகம் முன்ன விட நல்லாவே கம்மி. ரிவ்யூ பண்ணவங்க மேல குத்தமே இல்ல, அவங்க அளந்தது வேற சாமான். ரிவ்யூ வந்து ரொம்ப நாள் ஆயிடுச்சுன்னா அந்த எஸ்எஸ்டில இப்போ என்ன கன்ட்ரோலர், என்ன ஃபிளாஷ் வருதுன்னு சமீபத்துல வாங்கினவங்க போட்டத தேடிப் பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை.

பவர் விஷயத்துல டிடிபிங்கற நம்பர (ப்ராசசரோட அடிப்படை வெப்ப ரேட்டிங், வாட்ல) கரண்ட் எடுக்குற அளவுன்னு எடுத்துக்கறாங்க. கோர் ஐ9-13900கேல 125 வாட்னு இருக்கும், டர்போல அதிகபட்சம் 253 வாட். ரைசன் 9 7950எக்ஸ் 170ன்னு சொல்லும், சாக்கெட்ல 230 வரைக்கும் இழுக்கும். அந்த சின்ன நம்பர பாத்து கூலர் வாங்கிட்டு, 95 டிகிரி போகுது, பீஸ் டிஃபெக்ட்னு திருப்பி அனுப்புறாங்க. கூலர் ரிவ்யூலயும் ரூம் டெம்பரேச்சர பாருங்க, 22 டிகிரி ரூம்ல 70 காட்டினது 32 டிகிரி ரூம்ல சுமாரா 80 காட்டும், அதுவும் திறந்த பெஞ்ச்ல வச்சு அளந்தாங்களா மூடின கேபினெட்லயான்னு பாத்துக்கங்க.

எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) வாங்கும்போது 80 பிளஸ் கோல்ட் ஸ்டிக்கர தரச் சான்றிதழா நினைக்காதீங்க, தயவுசெஞ்சு. அது எஃபிஷியன்சி, அதாவது கரண்ட் எவ்ளோ வீணாகுதுங்கறது மட்டும்தான், 23 டிகிரில வச்சு குறிப்பிட்ட சில லோடுல அளக்கறது, ஓவர்லோட் ஆனா சரியா ஆஃப் ஆகுதா, வோல்டேஜ் ஆடாம இருக்கா, அதெல்லாம் அந்த டெஸ்ட்லயே கிடையாது. கிகாபைட்டோட பி750ஜிஎம் கோல்ட் ரேட்டிங் உள்ளதுதான், டெஸ்ட் பண்ணும்போது வெடிச்ச செய்தி பெருசானதும் 2021 ஆகஸ்ட்ல கம்பெனியே அறிக்கை விட்டுச்சு, பவர் புரொடெக்ஷன் 120லேர்ந்து 150 சதவீத லோடுல கட் ஆகுற மாதிரி இருந்தத 110லேர்ந்து 120க்கு குறைச்சிருக்கோம், பழச மாத்திக்கலாம்னு. புரொடெக்ஷன ஒண்ணொண்ணா சோதிச்சுப் பாத்த ரிவ்யூ இருந்தா மட்டும் வாங்குங்க. இன்னொண்ணு, பழைய மாடுலர் கேபிள (எஸ்எம்பிஎஸ்லேர்ந்து கழட்டி மாட்டுற கேபிள்) புது எஸ்எம்பிஎஸ்ல சொருகவே சொருகாதீங்க, கனெக்டர் அப்படியே பொருந்தும், ஆனா எஸ்எம்பிஎஸ் பக்கத்து பின் வரிசைக்கு பொது ஸ்டாண்டர்டே கிடையாது, ஒரு செகண்ட்ல ஹார்ட் டிஸ்க் போயிடும்.

ராம்ல ஸ்பீடு நம்பர மட்டும் பாக்காதீங்க, தாமதத்தையும் கணக்கு போடுங்க: 2000 பெருக்கல் சிஎல் (ஸ்பீடு பக்கத்துல போட்டிருக்கற தாமத நம்பர்), வகுத்தல் ஸ்பீடு. 3200 சிஎல்16க்கும் 6000 சிஎல்30க்கும் அதே 10 நானோ செகண்ட்தான் வரும், வித்தியாசம் பேண்ட்விட்த்ல. வாங்கின பிறகு பயாஸ்ல எக்ஸ்எம்பியோ எக்ஸ்போவோ (ராம பாக்ஸ்ல போட்ட ஸ்பீடுல ஓட வைக்கற செட்டிங்) ஆன் பண்ணலன்னா 6000 ராம் பெரும்பாலும் 4800ல ஓடிக்கிட்டு இருக்கும், இத பண்ணாமலே ரிவ்யூல வந்த எஃப்பிஎஸ் எனக்கு வரலன்னு சொல்றவங்க ஏராளம். நாலு ஸ்லாட் போர்டுல ரெண்டு ஸ்டிக் போடறதுன்னா ப்ராசசர்லேர்ந்து எண்ணி ரெண்டாவதும் நாலாவதும்.

மானிட்டர்ல 1 மில்லி செகண்ட்னு போட்டிருந்தா அது எந்த 1 மில்லி செகண்ட்னு கேளுங்க. ஜிடிஜின்னா பிக்சல் நிறம் மாற எடுக்குற நேரம், அதையும் ஓவர்டிரைவ (பிக்சல வேகமா மாற வைக்கற செட்டிங்) உச்சத்துல வச்சு அளந்திருப்பாங்க, அந்த மோடுல நகர்ற பொருளுக்கு பின்னாடி வெளுத்த நிழல் ஓடும், யாரும் அதுல வச்சு பாக்க மாட்டாங்க. எம்பிஆர்டின்னா பேக்லைட்ட விட்டு விட்டு எரிய வச்சு அளந்தது, வெளிச்சம் குறையும். டிஸ்ப்ளே ஹெச்டிஆர் 400 ஸ்டிக்கருக்கு (ஹெச்டிஆர்னா வெளிச்சமும் இருட்டும் நல்லா விலகித் தெரியுறது) லோக்கல் டிம்மிங்கே (இருட்டான பகுதில மட்டும் பேக்லைட்ட குறைக்கறது) தேவையில்ல, அத பாத்து ஹெச்டிஆர் அனுபவம் கிடைக்கும்னு காசு கூட குடுக்காதீங்க.

ரிவ்யூவோட தேதிய பாக்காம விடறவங்களும் நிறைய. கோர் ஐ9-13900கே 2022 அக்டோபர்ல வந்தப்போ ரிவ்யூ எல்லாம் அமோகம், 13, 14ம் தலைமுறை ப்ராசசர் கொஞ்ச நாள்ல நிலை தடுமாறி கேம் கிராஷ் ஆகுறதுக்கு அதிக வோல்டேஜ் காரணம்னு இன்டெல் சொன்னது 2024 ஜூலைல, அத சரிபண்ண மைக்ரோகோட் (ப்ராசசருக்குள்ள ஓடற சாஃப்ட்வேர்) அப்டேட் வந்தது ஆகஸ்ட்ல, வாரண்டியையும் ரெண்டு வருஷம் கூட்டினாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு வரப்போற தேய்மானத்த லாஞ்ச் அன்னைக்கு ஒரு வாரம் டெஸ்ட் பண்ணவங்க எப்படி கண்டுபிடிப்பாங்க. இதுக்கு நேர் எதிரா இன்டெல் ஆர்க் ஏ770 கிராஃபிக்ஸ் கார்டு அதே அக்டோபர்ல வந்தப்போ பழைய டைரக்ட்எக்ஸ் 9 கேம்ல தடுமாறிச்சு, அடுத்த சில மாசத்துலயே டிரைவர் அப்டேட்ல நல்லா ஏறிடுச்சு, முதல் நாள் ரிவ்யூவ பாத்தவங்களுக்கு அது தெரியாது. அதனால லாஞ்ச் ரிவ்யூ ஒண்ணு, ஆறு மாசம் கழிச்சு அதே சாமான மறுபடி டெஸ்ட் பண்ணது ஒண்ணு, ரெண்டையும் சேத்து பாருங்க.

வாங்கினதோட நிறுத்திடறதும் தப்புதான். ரிட்டர்ன் நாள் முடியறதுக்குள்ள நீங்களே ஒரு தடவை அளந்து பாத்துடுங்க. ஜிபியு-ஸீங்கற சாஃப்ட்வேர் போட்டு கார்டோட கோர் எண்ணிக்கை, மெமரி வகை, எத்தனை லேன்ல ஓடுதுன்னு பாருங்க, சும்மா இருக்கும்போது பிசிஐஇ லிங்க் 1.1ன்னு காட்டும், பயப்படாதீங்க, பவர் மிச்சப்படுத்த இறங்கியிருக்கும், பக்கத்துல இருக்கற கேள்விக்குறிய அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓட்டினா மேல ஏறிடும். ராமுக்கு மெம்டெஸ்ட்86ங்கற டெஸ்ட் சாஃப்ட்வேர ஒரு ராத்திரி ஓட விடுங்க. எஸ்எஸ்டில கேஷ தாண்டற அளவுக்கு ஒரு பெரிய ஃபைல் காப்பி பண்ணுங்க. விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல போய் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் நிஜமாவே 144லதான் ஓடுதான்னு பாருங்க, 60லயே விட்டு வச்சிருக்கறவங்க நிறைய. இதெல்லாம் முடியுற வரைக்கும் பாக்ஸையும் உள்ள வந்த தெர்மாக்கோலையும் தூக்கிப் போடாதீங்க, அது இல்லாம திருப்பி அனுப்புறது கஷ்டம்.