வீட்டோடு மலையேறுகிறவர்களுக்கு: சேலம்–ஏற்காடு கேரவன் குறிப்புகள்

கேரவன் என்றால் நம் ஊரில் இன்னும் ஷூட்டிங் ஸ்பாட்தான் நினைவுக்கு வருகிறது. இங்கே சொல்வது அந்த ஏசி பஸ் அல்ல. டிராவலர் வேன் அல்லது பழைய மினி பஸ்ஸில் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பேட்டரி எல்லாம் வைத்துக் கட்டி, குடும்பத்தோடு நாலு நாள் தங்கிவிட்டு வருகிற வண்டி. சேலத்திலிருந்து ஏற்காடு 30 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் சேலம் கடல் மட்டத்துக்கு மேல் 300 மீட்டருக்குள் இருக்கிறது. ஏற்காடு 1500 மீட்டரை ஒட்டி இருக்கிறது. நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கார் பொறுத்துக்கொள்ளும் குறைகளைக் கேரவன் இந்தச் சாலையில் காட்டிக்கொடுத்துவிடும், எடை அப்படி.

ஆகவே முதலில் போக வேண்டிய இடம் எடை மேடை. லாரித் தொழில் ஓடும் ஊர், எடை மேடைக்குப் பஞ்சமில்லை. வழக்கமாக ஏற்றும் சாமான், டீசல், கூட வரும் ஆட்கள் என்று பயணத்துக்குப் போகிற கோலத்திலேயே போங்கள். முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு, முழு வண்டிக்கு ஒரு சீட்டு. பெரியதில் சின்னதைக் கழித்தால் பின் ஆக்ஸில் தாங்கும் எடை தெரிந்துவிடும். மொத்த எடையை ஆர்.சி.யில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் பிரச்சினை பின்னால்தான்: தொட்டி, பேட்டரி, டாய்லெட், ஸ்டெப்னி எல்லாம் அங்கேதான் குவிந்திருக்கும். முன் பக்கம் லேசாகிப்போனால் ஈரச் சாலையில் ஸ்டீயரிங் ஒடித்தும் வண்டி நேராகவே போகப் பார்க்கும்.

ஆர்.சி.யை எடுத்த கையோடு இன்னொன்றும் பாருங்கள். வண்டியை மாற்றிக் கட்டியிருந்தால் அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. விபத்து நடந்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது இன்சூரன்ஸ்காரருக்கு வசதி, உங்களுக்கு அல்ல.

எடையைக் குறைக்கச் சுலபமான வழி தண்ணீர். 100 லிட்டர் தொட்டி நிறைந்தால் 100 கிலோ. தங்குமிடத்தில் தண்ணீர் கிடைக்குமா என்று முன்பே கேட்டுக்கொண்டு, வழிக்கு 20 லிட்டர் மட்டும் வைத்துக்கொண்டு ஏறுங்கள். அரைத் தொட்டி வேண்டவே வேண்டாம். உள்ளே தடுப்புத் தகடு இல்லாத தொட்டியில் அரைவாசித் தண்ணீர் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கமாக அலைமோதி வண்டியைச் சாய்க்கும்.

பிரேக்

ஒரு கணக்கு. 4 டன் வண்டி ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை ஏறக்குறைய 1000 மீட்டர் உயரம் இறங்குகிறது. அதில் வெளிப்படும் சக்தி முழுவதும் சூடாக மாறினால் சுமார் 120 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். காலை பிரேக்கிலேயே வைத்து இறங்கினால் அந்தச் சூட்டில் பெரும்பங்கு போய்ச் சேரும் இடம் நாலு சக்கரத்தின் டிரம்மும் டிஸ்கும்தான்.

சூட்டில் முதலில் கைவிடுவது பல நேரம் டிரம்மை உரசிப் பிடிக்கும் லைனிங் அல்ல, பிரேக் ஆயில். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் ஆயிலின் தர வகைகள். புது டாட் 4 ஆயில் 230 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் ஏறிவிட்ட டாட் 4-க்கு அந்த அளவு 155 டிகிரி, டாட் 3-க்கு 140 டிகிரிதான். ஆயில் கொதித்தால் பைப்புக்குள் ஆவிக் குமிழி உண்டாகும். குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. மிதி தரை வரை போகும், வண்டி நிற்காது. வருடத்தில் பத்து மாதம் ஷெட்டில் நிற்கிற கேரவனுக்கு, "கிலோமீட்டரே ஓடலையே" என்று இதைத் தள்ளிப்போடுவது வழக்கமான தப்பு. ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றி, நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்து, மூடி திறக்காத புது டப்பாவிலிருந்து ஊற்றச் சொல்லுங்கள்.

டிரம்மைக் கழற்றியே பார்க்க வேண்டும்; வெளியிலிருந்து தட்டிப் பார்த்துச் சொல்வதெல்லாம் கணக்கில் சேராது. லைனிங்கில் ரிவெட் தலை தெரிய ஆரம்பித்திருந்தால் மாற்றிவிடுங்கள். உட்புறம் எண்ணெய்ப் பசை இருந்தால் ஆக்ஸில் ஆயில் சீல் போயிருக்கிறது. சீலை மாற்றாமல் லைனிங்கைத் துடைத்துப் போட்டால் அந்தச் சக்கரம் மட்டும் பிடிக்காமல் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

டயரில் பள்ளம் ஆழமாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. கேரவன் டயர் தேய்ந்து சாவதில்லை, வெயிலில் நின்றே சாகிறது. ஆறு வருடம் தாண்டியதும், பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு தெரிவதும் மலைக்கு ஆகாது. காற்றைக் காலையில், டயர் ஆறியிருக்கும்போது அளந்து, எடை மேடைச் சீட்டில் உள்ள எடைக்கு ஏற்றபடி வையுங்கள். மேலே போனதும் காற்றைக் குறைக்கத் தேவையில்லை. வெளிக் காற்றழுத்தம் குறைவதால் மீட்டர் சுமார் 2 பி.எஸ்.ஐ. ஏறிக் காட்டும், குளிர்ச்சியில் ஏறக்குறைய அதே அளவு இறங்கிவிடும்.

ஏற்றமும் இறக்கமும்

காலை ஏழு மணிக்குள் அடிவாரத்தைத் தாண்டிவிடுவது நல்லது. வெயில் ஏறாது, எதிரே பஸ்ஸும் குறைவு. ரேடியேட்டர் பின்னல்களில் தூசியும் பூச்சியும் அடைத்திருந்தால் எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் பீச்சி முந்தின நாளே கழுவிவிடுங்கள். ஏறும்போது டெம்பரேச்சர் முள் வழக்கத்தைவிட மேலே போனால் ஏசியை அணைத்து ஹீட்டரைப் போடுங்கள். வியர்க்கும், ஆனால் எஞ்சின் சூடு கொஞ்சம் கேபினுக்குள் இறங்கும். அப்படியும் குறையாவிட்டால் அகலமான இடமாகப் பார்த்து ஒதுங்கி, ஐடிலில் ஓடவிடுங்கள். முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் மட்டும் உடனே அணைக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைத் தொடக் கூடாது.

வளைவுக்குள் போய் கியரைத் தேடக் கூடாது. நுழைவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். நமக்கு இடது ஓரம் என்பதால், ஏறும்போது இடப்பக்கம் திரும்பும் வளைவுதான் குறுகலும் செங்குத்தும். ஹாரன் அடித்து, எதிரே காலியா என்று பார்த்து, கொஞ்சம் அகலம் எடுத்து முதல் கியரில் திரும்புங்கள். பின் சக்கரத்துக்குப் பின்னால் பாடி நீண்டிருக்கும் வண்டி திரும்பும்போது வால் எதிர்ப்பக்கம் வீசும். பின்னால் சைக்கிள் ஸ்டாண்டு மாட்டியவர்கள் இதை மறந்து தடுப்புச் சுவரில் உரசுவார்கள். குறுகலான இடத்தில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிறவர் நிற்க வேண்டும். விதி அப்படி, எதிரே வருகிறவருக்கு அது தெரியும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

இறங்கும்போது, ஏறிய அதே கியர். இரண்டாவதில் ஏறிய இடத்தை இரண்டாவதில்தான் இறங்க வேண்டும். வேகம் கூடினால் பிரேக்கை அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, முழுக்க விட்டுவிடுங்கள். மறுபடி கூடினால் மறுபடி அதே மாதிரி. லேசாகக் காலை வைத்துக்கொண்டே வருவதுதான் டிரம்மை எரிப்பது. ஆட்டோமேட்டிக் வண்டியில் டி-யிலேயே விட்டுவிடாமல் கையால் கீழ் கியருக்குக் கொண்டுவாருங்கள்.

நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். இன்றைய டீசல் எஞ்சினில் கியரில் இருந்து ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கினால் டீசல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்கு டீசல் குடிக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் மோசம். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் பூஸ்டர் காலி, ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும்.

கருகின வாடை வந்தாலோ, மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலோ, அடுத்த வளைவு வரை பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒதுங்கி, முதல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். சூடான டிரம்மில் ஹேண்ட் பிரேக்கை இழுத்தே வைத்தால் ஆறும்போது பிடித்துக்கொள்ளலாம். தண்ணீர் ஊற்றவே கூடாது, டிரம் விரிசல் விடும். அரை மணி நேரம் தானாக ஆறட்டும்.

குப்பனூர் வழியாக இன்னொரு பாதை உண்டு. கோடை விழா நாட்களில் போலீஸ் போக்குவரத்து மாற்றம் அறிவித்திருக்கிறதா என்று கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிவும் பனிமூட்டமும் சேர்ந்து வரும். அப்போது இரவில் ஏறவோ இறங்கவோ வேண்டாம்.

மின்சாரம்

"பேட்டரி ஃபுல், ஃப்ரிட்ஜ் மட்டும் அடிக்கடி ஆஃப் ஆகிறது" என்பது கேரவன்காரர்கள் எல்லாரும் சொல்லும் புகார். பத்துக்கு எட்டு வண்டியில் குற்றவாளி வயர். வீட்டு எலக்ட்ரீஷியன் 230 வோல்ட் பழக்கத்தில் 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் தடிமன்) வயரை இழுத்திருப்பார். 12 வோல்ட்டில் அது ஆகாது. பேட்டரியிலிருந்து 5 மீட்டர் என்றால் போக வர 10 மீட்டர். 10 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 1.2 வோல்ட் காணாமல் போகும். பேட்டரியில் 12.4 இருக்கும், ஃப்ரிட்ஜுக்கு 11.2 வந்து சேரும், அது கம்மி வோல்ட்டேஜ் என்று நின்றுவிடும். 6 ஸ்கொயர் போட்டால் இழப்பு 0.3 வோல்ட்தான். கம்ப்ரசர் ஓடும்போது பேட்டரி முனையில் ஒருமுறை, ஃப்ரிட்ஜ் முனையில் ஒருமுறை மல்ட்டிமீட்டர் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பேட்டரியின் பாசிட்டிவை ஒட்டியே ஃபியூஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். தூரத்தில் ஃபியூஸ் போட்டால் நடுவில் உள்ள வயருக்குக் காவல் இல்லை.

150 ஏ.எச். (ஆம்பியர் அவர்) கொள்ளளவுள்ள டியூபுலர் பேட்டரியில் பாதியைத்தான் செலவழிக்கலாம், அதாவது சுமார் 900 வாட் அவர். 45 வாட் ஃப்ரிட்ஜ் பாதி நேரம் ஓடினாலே நாளுக்கு 540 போய்விடும். விளக்கு, பம்ப், போன் சார்ஜுக்கு 200 வையுங்கள். ஏற்காட்டில் ஃபேன் செலவு குறைவு. ஆனால் பனிமூட்டத்தில் சோலார் வழக்கத்தில் கால்வாசி கூடத் தராமல் போகலாம். இண்டக்‌ஷன் அடுப்பை மறந்துவிடுங்கள்: 1500 வாட் என்பது 12 வோல்ட்டில் 125 ஆம்பியருக்கு மேல்.

தண்ணீரும் கேஸும்

சேலத்து போர் தண்ணீரை நிரப்பினால் ஷவர் துளையிலும் கீசரிலும் வெள்ளைப் படிவு கட்டும். காவிரிக் குழாய்த் தண்ணீர் கிடைத்தால் அதையே ஊற்றுங்கள். படிவு கட்டியிருந்தால் மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று விற்கும் சிட்ரிக் ஆசிட் லிட்டருக்கு இரண்டு ஸ்பூன் கரைத்து, கழற்றிய பாகங்களை ஒரு மணி நேரம் ஊறப்போட்டால் போதும்.

ரொம்ப நாள் நின்ற தொட்டியை இப்படிச் சுத்தம் செய்யலாம்: 100 லிட்டர் தண்ணீருக்கு 5 சதவீத ப்ளீச் திரவம் 100 மில்லி. வாசனை சேர்க்காததாக இருக்கட்டும். எல்லாக் குழாயிலும் குளோரின் வாடை வரும் வரை திறந்துவிட்டு, நாலு மணி நேரம் வைத்து, பிறகு இரண்டு முறை நல்ல தண்ணீர் நிரப்பிக் காலி செய்யுங்கள். லெமன் சால்ட்டையும் ப்ளீச்சையும் ஒரே நேரத்தில் போட்டுவிடாதீர்கள், விஷ வாயு கிளம்பும்.

ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு, யாரும் குழாயைத் திறக்காமலே பம்ப் "டுர்" என்று இரண்டு நொடி ஓடி நின்றால் எங்கேயோ ஒழுகுகிறது. ஒவ்வொரு ஜாயின்ட் அடியிலும் டிஷ்யூ பேப்பர் வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் ஈரமான பேப்பர் இடத்தைக் காட்டும். மலைச் சாலைக் குலுங்கலில் தளர்வது பெரும்பாலும் பம்ப்பை ஒட்டிய கிளாம்ப்தான்.

கேஸுக்கு 5 கிலோ சிலிண்டர் போதும், நிற்கவைத்துக் கட்ட வேண்டும், வண்டி ஓடும்போது ரெகுலேட்டர் மூடியிருக்க வேண்டும். சிலிண்டர் கழுத்துப் பட்டையில் பி-27 போல எழுதியிருக்கும்: ஏ முதல் டி வரை வருடத்தின் நாலு காலாண்டு. அந்தத் தவணை தாண்டிய சிலிண்டரை வாங்காதீர்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டர் பெட்டியின் அடித்தட்டில் வெளியே போகும் ஓட்டை அவசியம். மேலே மட்டும் ஜன்னல் இருந்து பயனில்லை. ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், எனவே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக அதிக நேரமாகும். குக்கரில் ஒரு விசில் கூடுதலாக வையுங்கள்.

மார்கழிக் குளிருக்கு அடுப்பைப் பற்றவைத்துக் கதவை மூடிப் படுப்பது மட்டும் கூடவே கூடாது. மூடிய இடத்தில் அடுப்பு எரிந்தால் சேரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு வாடை கிடையாது. கம்பளி இன்னொன்று எடுத்துப் போங்கள்.

நிறுத்துமிடம்

காட்டிலும் ஏரிக்கரையிலும் இரவு நிறுத்தாமல், அனுமதி கேட்டு எஸ்டேட் அல்லது விடுதி வளாகத்தில் நிறுத்துங்கள். எஸ்டேட் பாதைக்குள் நுழையும் முன் உங்கள் வண்டியின் உயரம், கூரை ஏசியோடு சேர்த்து, தெரிந்திருக்க வேண்டும். டேஷ்போர்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். மிளகுக் கொடி ஏற்றிய சில்வர் ஓக் நிழல் பார்க்க அழகு, ஆனால் அதன் கிளை காற்றில் படக்கென்று முறியும். மரத்தைவிட்டுத் தள்ளி நிறுத்துங்கள். சமையல் மேடையில் ஒரு தட்டு நிறையத் தண்ணீர் வைத்து, எந்தப் பக்கம் வழிகிறதோ அந்தப் பக்கச் சக்கரத்துக்குப் பலகை கொடுத்தால் வண்டி மட்டமாகும். கூரை ஜன்னலைத் திறந்து வைத்து வெளியே போகாதீர்கள், குரங்குக்கு அரை நிமிடம் போதும். ஆனால் தூங்கும்போது ஒரு விரல் அளவாவது திறந்திருக்கட்டும். இல்லாவிட்டால் மூச்சின் ஈரம் தகரத்தில் வியர்த்து மெத்தை அடியில் பூஞ்சை பிடிக்கும்.

டாய்லெட் பெட்டியை ஓடையிலோ காப்பித் தோட்டத்திலோ கொட்டக் கூடாது. விடுதிக் கழிவறையில், கேட்டுவிட்டு, ஊற்றுங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீருக்கும் ஒரு கேன் வைத்துக்கொள்ளுங்கள்.

சேலம் திரும்பிய அன்றே தொட்டியைக் காலி செய்து, குழாய்களைத் திறந்து வைத்து பம்ப்பைக் கால் நிமிடம் ஓட்டினால் லைனில் தேங்கிய தண்ணீரும் வெளியேறிவிடும். பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்து நெகட்டிவைக் கழற்றுங்கள். ஃப்ரிட்ஜைத் துடைத்து, கதவு இடுக்கில் ஒரு துண்டை மடித்துச் செருகி, மூடாமல் விட்டுவிடுங்கள்.