புரவி போகும் பாதை: அடுத்துப் பொறுப்பேற்கும் மாப்பிள்ளைக்கு

காரைக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் நடுவில் இருக்கிற நம் ஊரில், கண்மாய்க் கரையிலிருந்து அய்யனார் கோயில் வரை ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். அய்யனாருக்கு மண் குதிரைகளைத் தூக்கிப்போகும் புரவியெடுப்புத் திருவிழாவுக்கு முன்னால் அந்தப் பாதையில் சீமைக்கருவேலை ஒதுக்கும் பன்னிரண்டு பேருக்குப் பத்து வருடமாக நான்தான் மேஸ்திரி. இனி என் முழங்கால் விடாது. நீ பார்த்துக்கொள்.

முதலில் பத்தடி மூங்கில் கழி ஒன்றை வெட்டி வை. அதை நிமிர்த்திப் பிடித்தபடி நட, தட்டுகிற கிளையெல்லாம் போக வேண்டும். குறுக்கே பிடித்தால் அதுவே அகலம். மண் குதிரையைத் தோளில் தூக்கி வருகிறவன் கீழே பார்க்க மாட்டான், அதனால் கட்டையை மண்ணோடு மண்ணாக வெட்டச் சொல். சாய்த்து வெட்டிய கட்டை ஈட்டி மாதிரி நிற்கும். தூரோடு எடுக்காவிட்டால் சீமைக்கருவேல் மறுபடி துளிர்க்கும் என்பது உனக்கே தெரியும். ஆனாலும் கரை மேல் கடப்பாரை போடாதே. குழி விழுந்தால் மழையில் கரை அரிக்கும்.

நாட்டுக் கருவேலில் கை வைக்காதே. அதன் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்த மாதிரி இருக்கும். சீமைக்குப் பூ நீளக் கதிராக வரும், காயில் அந்த இடுக்கு இராது. அவசரத்தில் இளவட்டங்கள் இரண்டையும் ஒன்றாகவே வெட்டுவார்கள்.

அரிவாள் பிடிப்பவர்களுக்கு நடுவே பத்தடி விடு, அதற்கும் அதே கழிதான். பின்னால் கவைக்கம்போடு இரண்டு பேர் முள்ளை இழுத்து ஒதுக்கட்டும். நீ அரிவாளைத் தொடாதே. நான் முதல் மூன்று வருடம் முன்னால் நின்று வெட்டினேன், பின்னால் யார் உட்கார்ந்தார்கள் என்றே தெரியவில்லை. மேஸ்திரிக்கு உடம்பு வலி வேறு மாதிரி. வெட்டுகிறவன் ஒரு தடவை நடக்கிற தூரத்தை நீ தண்ணீர்க் குடத்தோடு எட்டுத் தடவை நடப்பாய்.

சித்திரைக் கடைசி வெயில். விடிய ஐந்தே முக்காலுக்குத் தொடங்கி பத்து மணிக்கு நிறுத்து, அப்புறம் சாயங்காலம் நாலுக்கு மேல்தான். தாகம் எடுக்கும்வரை காத்திருக்க விடாதே. வெறும் தண்ணீர் போதாது, உப்புப் போட்ட நீராகாரம், சின்ன வெங்காயம். ஒரு வருடம் ஒரு பையன் வெறும் வயிற்றோடு வந்து ஒன்பது மணிக்கே சாய்ந்தான். அன்றிலிருந்து "சாப்பிட்டியா?" என்று கேட்காமல் நான் அரிவாளைக் கொடுப்பதில்லை. யாராவது உளறினால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால், நிழலில் போட்டு உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-ஐக் கூப்பிடு.

விறகுக் குவியலை மறுநாள் கையால் தூக்கவே கூடாது, கம்பால் புரட்டிவிட்டுத்தான். விரியன் அடியில் கிடக்கும். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, வேர் அரைப்பது எதுவும் வேண்டாம். கடிபட்டவனை நடக்க விடாமல், கடித்த இடம் அசையாமல் காரைக்குடி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோ.

கோயில் காட்டு எல்லைக்கல்லைத் தாண்டினால் செருப்பில்லை, அது ஊர்க்கட்டு. டயர் செருப்பையே துளைக்கிற முள்ளில் வெறுங்கால்! இதற்காகப் பெரியவர்களிடம் சண்டை போட்டுத் தோற்றிருக்கிறேன். அதனால் அந்தக் கடைசி இருநூறு அடியில் வெட்டவே வேண்டாம், கிளையை மடக்கிக் கட்டு. விழுந்த முள்ளை ஈர்க்குமாறால் இரண்டு தரம் பெருக்கி, வெயில் சாய்ந்து வருகிற நேரத்தில் குனிந்து பார், நிழல் விழுந்து முள் தெரியும். முள்வாங்கியை மடியிலேயே வை. உள்ளே ஒடிந்து நின்றால் நோண்டாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு, டெட்டனஸ் தடுப்பூசியும் போடட்டும்.

எல்லாம் முடிந்ததும், குதிரைக்குப் பதிலாக, நான்கு பேர் தோளில் கயிற்றுக் கட்டிலை ஏற்றி முழுப் பாதையும் நடத்திப் பார். போன முறை அது வாகை மரத் திருப்பத்தில் சிக்கியது. அங்கே பத்தடி போதாது, பதினாலு வேண்டும்.