மழை நாளில் குகைக்குள் போகும் முன்: திடீர் வெள்ளத்தைக் கணிக்கத் தொடக்கநிலையினருக்கான செய்முறை

குகைக்குப் புதிதாக வருகிறவர்கள் வௌவாலைப் பற்றிக் கேட்பார்கள், பாம்பைப் பற்றிக் கேட்பார்கள், விளக்கு அணைந்துபோனால் என்ன செய்வது என்று கேட்பார்கள். மேலே மலையில் நேற்று மழை பெய்ததா என்று கேட்பவர் அபூர்வம். ஓடை ஓடும் குகையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

நடைபாதையும் மின்விளக்கும் போட்ட சுற்றுலாக் குகைகளை நான் சொல்லவில்லை. ஹெல்மெட் அணிந்து, தவழ்ந்து, தண்ணீரில் இறங்கிப் போகும் சுண்ணாம்புப் பாறைக் குகைகளைச் சொல்கிறேன். முதல் பயணங்களை அந்தக் குகையை நன்கறிந்த ஒருவருடன்தான் போக வேண்டும். அதற்காக யோசிக்கும் வேலை முழுவதையும் அவர் தலையில் கட்டிவிடாதீர்கள். 2024 ஜனவரியில் ஸ்லோவேனியாவின் கிரிஷ்னா யாமா குகையில் நீர் உயர்ந்து ஐந்து பேர் இரண்டு நாள் சிக்கிக்கொண்டார்கள். அவர்களில் இருவர் வழிகாட்டிகள்.

படி 1: தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடியுங்கள்

மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது பாறை வெடிப்புகளைக் கரைத்துக் கரைத்து அகலப்படுத்தியதால் உண்டானவைதான் இந்தக் குகைகள். தண்ணீர் தனக்காக வெட்டிக்கொண்ட பாதையில், அது இல்லாத நேரம் பார்த்து நாம் நுழைகிறோம்.

இத்தகைய நிலத்தில் மழைநீர் ஊறித் தயங்கி வருவதில்லை. குழிகளிலும் வெடிப்புகளிலும் நேரே இறங்கிவிடுகிறது. பெரிய மலைச்சரிவு ஒன்றில் விழுந்த மழை முழுவதும் ஓர் ஆள் நுழையும் அளவேயான வழிக்கு வந்து சேர்ந்தால், நீர்மட்டம் சில நிமிடங்களில் முழங்காலிலிருந்து கூரைக்கு ஏறக்கூடும்.

ஆகவே நிலவரைபடத்தை விரித்து, குகை வாசலுக்கு மேலே உள்ள சரிவுகளைப் பாருங்கள். எந்த ஓடை நடுவழியில் மண்ணுக்குள் மறைகிறது? மேலே அணையோ மதகோ இருக்கிறதா? நிலத்தடியில் ஓடும் நீர் மேலே தெரியும் மலைமுகட்டை மதிப்பதில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கின் நீர்கூட உங்கள் குகைக்குள் வரலாம். உள்ளூர்க் குகையாளர்களுக்கு இது தெரிந்திருக்கும், கேளுங்கள்.

படி 2: ஒரு வார வானிலையைப் படியுங்கள்

இன்றைய முன்னறிவிப்பு மட்டும் போதாது. வறண்ட மண் முதல் மழையைக் குடித்துக்கொள்ளும். ஏற்கெனவே ஊறிய மண்ணில் அதே அளவு மழை பெய்தால் அப்படியே குகைக்குள் ஓடும். எனவே கடந்த வாரம் பெய்த மழையையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். குளிர்நாடுகளில் பனி உருகும் பருவத்தில் மழையே தேவையில்லை, நல்ல வெயில் போதும்.

இடிமழை இன்னும் மோசம். எந்த மலையில் கொட்டும் என்று முன்கூட்டித் துல்லியமாகச் சொல்ல முடியாது. ‘ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்’ என்ற வரியைப் படித்தால், அந்த ஓரிரு இடங்களில் ஒன்று உங்கள் குகைக்கு மேலே இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பருவத்தை மட்டும் நம்புவதும் ஆபத்து. தாய்லாந்தின் தாம் லுவாங் குகை வாசலில், ஜூலை முதல் நவம்பர் வரை வெள்ள அபாயம் என எச்சரிக்கும் பலகை இருந்தது. 2018இல் பன்னிரண்டு சிறுவர்களும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்சியாளரும் உள்ளே போன நாள் ஜூன் 23. பலகைப்படி அபாயக் காலம் இன்னும் தொடங்கவில்லை. அவர்களைக் கண்டுபிடித்தது ஜூலை 2ஆம் தேதி; எல்லாரையும் வெளியே கொண்டுவந்து முடித்தது ஜூலை 10ஆம் தேதி. அந்த முயற்சியில் சமன் குனான் என்ற முன்னாள் கடற்படை வீரர் உயிரிழந்தார்.

சந்தேகம் வந்தால் மேட்டிலுள்ள வறண்ட குகை ஒன்றுக்குப் போங்கள். இந்தத் தீர்மானத்தை வீட்டில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். நீண்ட தூரம் பயணம் செய்து, உடை மாற்றி, வாசலில் நின்ற பிறகு யாருக்கும் திரும்ப மனம் வராது. கூட்டத்தில் ஒருவர் வேண்டாம் என்றால் பயணம் ரத்து என்ற விதியையும் அப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: குகை வரைபடத்தில் மிகத் தாழ்ந்த கூரையைத் தேடுங்கள்

குகை எவ்வளவு நீளம் என்பது இங்கே முக்கியமில்லை. வாசலுக்கும் நீங்கள் போக நினைக்கும் இடத்துக்கும் நடுவே கூரை எங்கே மிகத் தாழ்வாக இருக்கிறது? அங்கே நீர் ஒரு முழம் உயர்ந்தால் மூச்சுவிட இடம் மிஞ்சுமா? வழி கீழே இறங்கி மறுபடி மேலேறும் இடங்கள்தான் முதலில் அடைபடும். நீங்கள் உயர்ந்த மண்டபத்தில் உலர்ந்த பாறையில் உட்கார்ந்திருக்கும்போதே, பின்னால் வழி மூடியிருக்கும்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள மாஸ்டேல் குகையின் உட்பகுதி நெடுகத் தவழ்வழி. 1967 ஜூன் 24 அன்று உள்ளே போன பத்துப் பேரில் நால்வர் முன்னதாகத் திரும்பினார்கள். வெள்ளம் வந்தபோது உள்ளே இருந்த ஆறு பேரும் இறந்தார்கள்.

ஓடைக்கு மேலே பழைய, வறண்ட தளங்கள் இருந்தால் வரைபடத்தில் அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படலாம்.

படி 4: வெளியே ஒருவர், பையில் சில பொருள்கள்

எந்தக் குகை, எந்த வாசல், எத்தனை பேர், எப்போது திரும்புவீர்கள், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் மீட்புக் குழுவை அழைக்க வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். குகைக்குள் செல்பேசி வேலை செய்யாது.

ஆளுக்கு ஒரு நெற்றி விளக்கு, மாற்று விளக்கு, உபரி பேட்டரி, உள்ளே புகுந்து உட்காரும் அளவு பெரிய பாலித்தீன் பை, நீர் புகாத உறையில் ஒரு கம்பளிச் சட்டை, கூடுதல் உணவு. பருத்தி உடை வேண்டாம். நனைந்தால் உடல் சூட்டை உறிஞ்சிவிடும்.

படி 5: உள்ளே போனதும் சுவரைப் பாருங்கள்

முந்தைய வெள்ளம் எதுவரை வந்தது என்பது சுவரிலேயே தெரியும். கூரை இடுக்கில் சருகோ சுள்ளியோ சிக்கியிருந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை வந்திருக்கிறது. காய்ந்த நுரைத் தடமும் புதுச் சேற்றுக் கோடும் அதையே சொல்லும். சிலந்தி வலை, தூசி, பொடியாக உதிரும் மண் ஆகியவை நல்ல அடையாளங்கள்தான். ஆனால், சமீபத்தில் வெள்ளம் வரவில்லை என்பதற்கு மட்டுமே அவை சாட்சி, இன்று வராது என்பதற்கு அல்ல.

ஓடையோரப் பாறை ஒன்றைத் தேர்ந்து, நீர்மட்டம் எதுவரை இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நினைவை நம்ப வேண்டாம். ‘முன்பும் இப்படித்தான் இருந்தது’ என்று மனம் சமாதானம் சொல்லும்.

தெளிந்த நீர் கலங்குவது, சருகும் நுரையும் மிதந்து வருவது, சொட்டிக்கொண்டிருந்த இடத்தில் ஒழுகத் தொடங்குவது, ஓடையின் ஓசை கனப்பது ஆகியவை எச்சரிக்கைகள். குகைக்குள் வீசிய காற்று திடீரென்று நின்றாலும் கவனியுங்கள். எங்கோ ஒரு வழி நீரால் அடைபட்டிருக்கலாம். இவற்றில் ஒன்றே போதும், திரும்புங்கள். இரண்டாவது அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள்.

படி 6: நீர் ஏறத் தொடங்கிவிட்டால்

வெளியே ஓடத்தான் கால் துடிக்கும். படி 3இல் பார்த்த தாழ்ந்த இடம் உங்களுக்கும் வாசலுக்கும் நடுவே இருந்தால் அந்த ஓட்டம் கொன்றுவிடும். நீர் வருவதற்குள் அதைக் கடந்துவிடுவோம் என்ற உறுதி இல்லையென்றால் மேலே ஏறுங்கள். வேகமாக ஓடும் நீர் முழங்கால் அளவே இருந்தாலும் ஆளைப் புரட்டிவிடும். மூழ்கிய தவழ்வழியில் மூச்சடக்கிப் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கவே கூடாது. அருவி கொட்டும் இடத்தில் கயிற்றில் ஏறுவதும் வேண்டாம்; நடுவில் சோர்ந்து, குளிர்ந்த நீரின் கீழே தொங்கி இறந்தவர்கள் உண்டு.

ஏறி நிற்கும் இடம் வெள்ளத் தடங்களுக்கு மேலே இருக்க வேண்டும், காற்றோட்டமும் வேண்டும். நாலாபுறமும் நீர் சூழ்ந்த சிறு காற்றறையில் பிராணவாயு குறைந்துகொண்டே போகும். தாம் லுவாங்கில் சிறுவர்கள் இருந்த இடத்தில் அது சுமார் 15 சதவீதத்துக்கு இறங்கியது. வெளிக்காற்றில் 21 சதவீதம் இருக்கும்.

படி 7: காத்திருப்பது

இனி எதிரி குளிர். நனைந்த உடையைப் பிழிந்து அணியுங்கள், உலர்ந்தது இருந்தால் மாற்றுங்கள். வெறும் பாறையில் உட்காராமல் கயிற்றையோ பையையோ கீழே போட்டு, நெருங்கி உட்கார்ந்து, பாலித்தீன் பைக்குள் புகுந்துகொள்ளுங்கள். ஒரே ஒரு விளக்கு எரியட்டும். உணவைப் பங்கிடுங்கள். நீர்மட்டத்தைச் சுவரில் குறித்து, பக்கத்தில் நேரத்தையும் எழுதுங்கள். யாராவது நடுங்குவதை நிறுத்திவிட்டு உளறத் தொடங்கினால் அவரை நடுவில் உட்காரவைத்துச் சூடேற்றுங்கள்.

பொறுமைக்குப் பலன் உண்டு. 1999 நவம்பரில் பிரான்ஸின் வித்தரெல் குகையில் வெள்ளத்தால் சிக்கிய ஏழு பேர், பத்து நாள் கழித்து உயிருடன் மீட்கப்பட்டார்கள்.

படி 8: வெளியேறுவது

மட்டம் இறங்கத் தொடங்கியதும் கிளம்பாதீர்கள். மேலே மறுபடி மழை பெய்திருந்தால் இரண்டாவது அலை வரும். நுழையும்போது எடுத்த போட்டோவில் உள்ள அளவுக்கு நீர் இறங்கட்டும். வெள்ளம் கற்களை அசைத்திருக்கும், கயிறுகளைப் பாறையில் உராயவிட்டிருக்கும். கயிற்றைச் சோதிக்காமல் உடல் எடையைக் கொடுக்காதீர்கள். வாசலுக்கு வந்ததும், ஈர உடையை மாற்றுவதற்கு முன்பே, வெளியே காத்திருப்பவருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். அவர் அதற்குள் மீட்புக் குழுவை அழைத்திருந்தால், எத்தனை பேர் வந்துவிட்டீர்கள் என்பதையும் உள்ளே யாரும் இல்லை என்பதையும் அந்தக் குழுவிடம் நேரடியாகத் தெரிவியுங்கள்.